முன்வரிசையில் தெரிந்த புள்ளிகள்

"தம்பி, என் பேத்தி மூஞ்சிய ஏம்ப்பா புள்ளிக் கோலமாட்டம் போட்டு வெச்சிருக்க?"

முன்வரிசை சோஃபாவிலிருந்து பாட்டி கேட்டபோது முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பக்கத்தில் எல்.இ.டி. வால், அதாவது குட்டி விளக்குப் புள்ளிகளால் ஆன சுவர் மாதிரிப் பெரிய திரை, நிறுத்தியிருந்தோம். கல்யாண வீடியோ எனக்குப் பழகிய வேலை, வால் புதிது. கேமரா 4கே, அதுவும் நல்ல வாடகை கொடுத்து எடுத்தது. கேபிளில்தான் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டினேன். கோலம் அப்படியேதான் இருந்தது.

வால் ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் வால் பி4, அதாவது ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லிமீட்டர். வாலை அடுக்கிக் கட்டும் பலகைகளான 640 மி.மீ. சதுரக் கேபினெட்டுகள் அகலத்தில் 6, உயரத்தில் 4. ஒரு கேபினெட்டுக்குப் பக்கத்துக்கு 160 புள்ளி. ஆக 960க்கு 640. பன்னிரண்டரை அடி அகல வாலில் மொத்தமே 6 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே கேமராவில் பதிவாவது 83 லட்சம் புள்ளிகள். கேமராப் படத்தை வாலுக்கு அனுப்பும் மிக்ஸர் வழியாக ஃபுல் எச்.டி.யாகப் போகும்போது அது 20 லட்சம் ஆகிறது. வாலின் பிராசஸர் அதையும் கழித்து 6 லட்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

960க்கு 640. எங்கேயோ பார்த்த எண்ணாயிற்றே என்று யோசித்தேன். 2010இல் வந்த ஐபோன் 4இன் மூன்றரை அங்குலத் திரையில் இருந்ததும் இதே எண்ணிக்கைதான்! 'ரெட்டினா' என்று பெயர் வைத்து, பத்துப் பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் புள்ளியைக் கண்ணால் பிரிக்க முடியாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறிச் சொன்ன திரை. உள்ளங்கையில் அசல் போலத் தெரிந்த அதே எண்ணிக்கை மண்டபத்தில் கோலமாகிவிட்டது.

புள்ளி எத்தனை என்று கண் எண்ணுவதில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு கோணம் என்றுதான் அது பார்க்கிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும். 4 மி.மீ. இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 45 அடி தள்ளி நிற்க வேண்டும். பாட்டி பன்னிரண்டு அடியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பெரியவர்களை எப்போதும் முன்னால்தான் உட்கார வைப்பார்கள், என்ன செய்ய?

கெட்டிமேளம் கொட்டியதும் திரும்பிப் பார்த்தேன். பந்திக்கு இடம் பிடிக்க வாசலோரம் நின்ற ஒருவர், கையிலிருந்த அட்சதையை மேடைப் பக்கம் போடாமல், வாலில் தெரிந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் போட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் அப்படியே. எந்த 4கே டிவிக்கும் இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "இப்ப தேவல தம்பி."

என் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பெல் ஆய்வகத்தின் லியோன் ஹார்மன் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சாம்பல் நிறக் கட்டங்களாக்கி வெளியிட்ட படத்தைப் பிற்பாடுதான் பார்த்தேன். கிட்டே வைத்தால் வெறும் கட்டம். கண்ணை இடுக்கினால் லிங்கன்! கட்டங்களின் கூர்மையான விளிம்புதான் முகத்தை மறைக்கிறதாம். விளிம்பு மங்கியதும் முகம் வெளியே வருகிறது. பாட்டி சும்மா சொல்லவில்லை.

வீடியோ கொடுத்த பத்தாம் நாள் கல்யாணப் பெண் போன் செய்தார். "அண்ணா, டிவில போட்டா நாங்க ஏதோ சீரியல்ல நடிச்ச மாதிரி இருக்கு." நேரில் போனேன். 55 அங்குல 4கே டிவி. மூன்றரை அடி தள்ளி உட்கார்ந்தாலே புள்ளி கரைந்துவிடும், ஆகவே அந்தக் குறை இல்லை. மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்தது நொடிக்கு 25 ஃபிரேம். டிவி தானாக நடுவில் ஃபிரேம்களை நுழைத்து, சீரியல் மாதிரி வழவழவென்று ஓட்டியது. அதை அணைத்ததும் பாதி சரியாயிற்று.

மீதி மேக்கப். ஃபவுண்டேஷன் காதோரம் கோடு கட்டி நின்றது. நெற்றிச்சுட்டிக்குக் கீழே வியர்வை பவுடரைக் கரைத்த இடம் திட்டாகத் தெரிந்தது. எல்லாம் அன்றைக்கு இருந்ததுதான். ஆனால் அன்றைக்கு அவரை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தவர் மேக்கப் போட்டவர் ஒருவர்தான்.

"கொஞ்சம் மங்கலாக்கித் தர முடியுமாண்ணா?"

83 லட்சம் புள்ளிக்கு வாடகை கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வி. சரி என்று முகம் நெருக்கமாக வரும் ஷாட்டுகளை மட்டும் லேசாக சாஃப்ட் செய்து, மறுபடி ரெண்டர் போட்டு, பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டியும் வந்து உட்கார்ந்தார். இந்த முறை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.