கவாசாகி: “அதெல்லாம் ஜப்பான்ல வர்றதும்மா”

தலைப்பில் இருப்பதைச் சொன்னவர் ஒரு டாக்டர். ஒன்றரை வயதுப் பையனுக்கு விடாத காய்ச்சல், கண் இரண்டும் சிவப்பு ஆனால் பீளை இல்லை, உதடு வெடித்து ரத்தம் கசிகிறது, உடம்பெல்லாம் தடிப்பு. நர்ஸாக இருக்கும் என் தங்கை போனில் படத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, கவாசாகி நோயா இருக்குமான்னு கேளு” என்றாள். கேட்டதற்குத்தான் இந்தப் பதில். கூடவே கூகுள் பார்த்துவிட்டு வரும் அம்மாக்களைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம், இன்னொரு ஆன்டிபயாடிக் சிரப்.

டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. அடுத்து சீட்டில் அம்மை என்று எழுதினார்கள். மாமியார் கட்டிலைச் சுற்றி வேப்பிலை வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சீட்டிலேயே அப்படித்தானே இருந்தது.

கோபம் ஏன் என்றால், கவாசாகி நோயில் நாள் கணக்கு முக்கியம். இது ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய்களைக் குறிவைக்கும். மருந்தே கொடுக்காமல் விட்டால் சுமார் நாலில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய் வீங்கிவிடும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளைக்குள் இம்யூனோகுளோபுலின் (ரத்த தானத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றிவிட்டால் அது நூறில் நாலைந்து பேராகக் குறைகிறது. உறுதிப்படுத்தத் தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது, அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்க்கிறவருக்கு முதலில் அந்தப் பெயர் மனசில் வர வேண்டுமே!

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் கிளம்பினோம். அங்கே குழந்தை மருத்துவர் பையனின் கையில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைத்தான் முதலில் பார்த்தார். அது சிவந்து தடித்திருந்தது, கவாசாகிக்கு அது ஒரு தடயம். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்), எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் அன்றைக்கே முடிந்தன. குழாய்கள் நன்றாக இருந்தன.

அப்புறம் மருந்து, அந்த இம்யூனோகுளோபுலின். கிலோவுக்கு 2 கிராம், பையன் 10 கிலோ, ஆக 20 கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில் நாலு. ஆஸ்பத்திரி பார்மசியில் இருந்தது இரண்டு! மீதிக்கு என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் அலைந்தார். அட்டையில் போட்ட விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம், அதனால் கூச்சப்படாமல் நாலு கடையில் கேளுங்கள். ஐஸ் வைத்துத்தான் எடுத்து வர வேண்டும். பில்லில் பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், காலிப் பாட்டிலின் ஸ்டிக்கரைத் தூக்கிப் போட விடாதீர்கள். இன்சூரன்ஸில் அதைத்தான் கேட்பார்கள். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏறியது, விடியும்போது காய்ச்சல் இல்லை.

இன்சூரன்ஸ் தனிக் கூத்து. கேஷ்லெஸ் கேட்டதற்கு வந்த முதல் கேள்வி: “இது பிறவி இதய நோயா?” எக்கோ எடுத்திருக்கிறோம் இல்லையா, அதனால் இதய நோய், குழந்தை என்பதால் பிறவியிலேயே வந்தது. என்ன ஒரு கணக்கு! அதற்கு டாக்டர் பதில் எழுதிக் கொடுத்ததும் அடுத்தது: இந்தியாவில் இவ்வளவு அபூர்வமான நோய், எந்த ஆதாரத்தில் இதுதான் என்று முடிவு செய்தீர்கள்? கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம்.

அந்த “அபூர்வம்” என்ற சொல்லின் மேல் வந்த ஆத்திரத்தில்தான் எண்ணிக்கைகளைத் தேடிப் படித்தேன். டோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் முதல் நோயாளியைப் பார்த்தது 1961இல், 50 குழந்தைகளைப் பற்றி எழுதியது 1967இல். 1970 முதல் ஜப்பானில் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் படிவம் அனுப்பிக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் வருஷத்துக்கு 300க்கு மேல். கொரியாவில் 200 அளவில், அமெரிக்காவில் சுமார் 20. ஹவாயில் வளரும் ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளுக்கும் அதிகம் வருகிறது, எனவே பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. அந்த முதல் டாக்டர் சொன்னது அந்த அளவுக்குச் சரி.

நம் நாட்டில்? நாடு தழுவிய கணக்கே இல்லை. சண்டிகரில் ஒரு பெரிய அரசு மருத்துவ நிறுவனம் விடாமல் எண்ணியிருக்கிறது: 15 வயதுக்குட்பட்ட லட்சம் பேரில் 1994இல் 0.51, 2007இல் 4.54. (ஜப்பான் எண் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு, இது 15 வயது வரை, இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், நோயாளிகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்தான்.) பதின்மூன்று வருஷத்தில் ஒன்பது மடங்கு. நோய் கூடியதும் இருக்கலாம், ஆனால் டாக்டர்கள் தேட ஆரம்பித்ததும் அதில் பாதியாவது இருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் சீட்டு இன்னும் “அம்மை” என்றே அந்தக் கிளினிக்கில் கிடக்கிறது. மதுரைக்குப் போகாமல் இருந்திருந்தால் பையன் எந்தக் கணக்கிலும் வந்திருக்க மாட்டான்.

இந்த எண்களையெல்லாம் மதுரை டாக்டரிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே தன் கடிதத்தில் சண்டிகர் விவரத்தைச் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் போனபிறகு இன்சூரன்ஸ்காரர்கள் பக்கத்திலிருந்து கேள்வியே வரவில்லை, பணம்தான் வந்தது. கையுறை, ஊசி மாதிரிச் சில்லறைகளைக் கழித்துக்கொண்டார்கள், போகட்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி என்றால்: காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள். தடிப்பு, நாக்கு, கை கால் வீக்கம் எல்லாவற்றையும் அன்றன்றே படம் எடுங்கள், ஏனென்றால் ஒன்று வந்து மறைந்த பிறகு இன்னொன்று வரும், டாக்டர் முன்னால் எல்லாம் ஒன்றாக நிற்காது. கைக்குழந்தைகளுக்கு எல்லா அறிகுறியும் வராமலே போகலாம். எக்கோ ரிப்போர்ட்டில் “நார்மல்” என்று மட்டும் வாங்கி வராதீர்கள், குழாயின் அளவைப் போடச் சொல்லுங்கள், அடுத்த எக்கோவோடு ஒப்பிட அதுதான் வேண்டும். இரண்டாவது வாரம் விரல் நுனியில் தோல் உரியும், பிளேட்லெட் ஏறும், பயப்படாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பிரின், 75 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. மெடிக்கல் ஷாப்காரர் “குழந்தைக்கா?” என்று முறைத்தார். சீட்டைக் காட்டினால் போதும். அந்த மாத்திரை ஓடும்வரை டாக்டரைக் கேட்காமல் இபுப்ரொஃபென் சிரப் தர வேண்டாம், வீட்டில் யாருக்காவது சின்னம்மை என்றால் உடனே சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசியில்தான் இன்னும் இழுபறி. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப் போட வேண்டும். இரண்டாவது தட்டம்மை ஊசிக்கு எங்கள் பகுதி நர்ஸம்மா கார்டில் காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டி வாராவாரம் கேட்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை கார்டோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து வைத்திருக்கிறேன். நீங்களும் டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஊசி போட வேண்டிய தேதியை டாக்டர் கையால் கார்டில் எழுதி, சீல் வைத்து வாங்கிவிடுங்கள்.