கொழுப்புத் துடுப்பு இல்லாத மீன்

2025 ஜூன் 7, சனிக்கிழமை. விடிகாலை நாலரை மணிக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் மகளும் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எமரிவில் படகுத்துறைக்குப் போனபோது, வரிசை ஏற்கெனவே நீண்டு நின்றது. இருபது பேருக்கு மேல் இருப்பார்கள், பேச்சுச் சத்தமே இல்லை. திருவிழா அன்று நடை திறக்கக் காத்திருப்பவர்கள் போல எல்லோரும் படகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கலிஃபோர்னியாவில் 2022க்குப் பிறகு கடலில் சால்மன் பிடிக்கக் கிடைத்த முதல் நாள் அது. 2023 முழுக்க மூடல், 2024 முழுக்க மூடல். தொழில்முறை மீனவர்களுக்கு 2025லும் மூடல்தான். எங்களைப் போல தூண்டிலோடு போகிறவர்களுக்கு மட்டும், மாநிலம் முழுவதற்கும் சேர்த்துக் கோடைக்கு 7,000 மீன் என்று அளவு வைத்து, முதலில் இரண்டே நாள் திறந்துவிட்டார்கள். கடைசியாக வந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது, தூண்டில் கோலைத் தனியாகப் பிடிக்கத் தெரியாது. இப்போது பதினைந்து. பதினாறு ஆகாததால் அவளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, நான் மட்டும் எடுத்திருந்தேன்.

கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில் போகும்போது இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. பாலத்தைத் தாண்டியதுமே படகின் ஆட்டம் மாறிவிடும். உள்ளே இருப்பது விரிகுடா, வெளியே இருப்பது கடல், அந்த வித்தியாசம் காலுக்குத்தான் முதலில் தெரியும். வடக்கே டக்ஸ்பரி பாறைத்திட்டுப் பக்கம் போய் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்கள்.

இந்தப் படகுகளில் தூண்டில் போடும் விதமே தனி. நடந்து போகிற வேகத்தில் படகு நகர்ந்துகொண்டே இருக்கும். நெத்திலியைக் கொக்கியில் கோத்து, தண்ணீரில் அது அடிபட்ட மீன் போலச் சுழலும்படி டெக் ஆள் மாட்டிக் கொடுப்பார். நெத்திலிக்கு மேலே ஒரு சின்ன விசை, அதில் இரும்புக் குண்டு. ஆழத்தை ‘இழுப்பு’ என்று கணக்குச் சொல்வார்கள். ரீலில் இருந்து கையால் ஒருமுறை தூண்டில் நரம்பை இழுத்துவிட்டால் ஒரு இழுப்பு. “நீங்க பதினஞ்சு இழுப்பு, பொண்ணு இருபது, அவர் இருபத்தஞ்சு” என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆழம். மீன் கடித்து இழுத்ததும் விசை திறந்து குண்டு கடலடிக்குப் போய்விடும். அதன்பிறகு கையில் இருப்பது மீனின் பாரம் மட்டும்தான்.

எனக்குத்தான் முதலில் கடித்தது. கோல் சட்டென்று வளைந்தது, குண்டு கழன்றது, நரம்பு பறந்தது. சட்டப்படி கொக்கியில் முள் இருக்கக் கூடாது, வழவழப்பான கொக்கிதான். நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் உதறிவிட்டுப் போய்விடும். அது தெரிந்தும், மீன் படகைப் பார்த்துத் திரும்பி நீந்தியபோது நான் ரீலைச் சுற்றுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். நரம்பு தொங்கியது. மூன்று வருஷம் காத்திருந்து வந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பக்கத்தில் நின்ற வியட்நாமியப் பெரியவர் மகளைக் கூப்பிட்டு, “உனக்குக் கடிச்சா எதையும் பார்க்காதே, சுத்திக்கிட்டே இரு” என்றார். அரை மணி நேரத்தில் அவளுக்குக் கடித்தது. அவள் பார்க்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கோலின் அடியை வயிற்றில் ஊன்றி, மீன் ஓடும்போது விட்டு, நின்றபோது சுற்றினாள். டெக் ஆள் கைவலையைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்து, தலைப்பக்கமாக ஒரே வாரில் மேலே தூக்கினார்.

முதலில் அவர் மீனின் வாயைத் திறந்து பார்த்தார். ஈறு கறுப்பு, அப்படியென்றால் கிங் சால்மன். வெளுப்பாக இருந்தால் கோஹோ என்ற வேறு வகை சால்மன், இங்கே அதைக் கட்டாயம் கடலிலேயே விட்டுவிட வேண்டும். பிறகு அளந்தார். 20 அங்குலம் இருந்தால் போதும், இது முப்பதுக்கும் மேல். அப்புறம் முதுகைத் தடவி, வாலுக்குச் சற்று முன்னால் ஒரு இடத்தை மகளுக்குக் காட்டினார். கொழுப்புத் துடுப்பு இருக்க வேண்டிய இடம். சால்மன் எல்லாவற்றுக்கும் அங்கே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு சதைத் துடுப்பு இருக்கும். இந்த மீனுக்கு அது இல்லை, பழைய தழும்பு மட்டும் மழுமழுவென்று இருந்தது.

அது குஞ்சாக இருந்தபோதே, சால்மன் குஞ்சுகளை வளர்த்து வெளியே விடும் பண்ணையில் வெட்டிய துடுப்பு. சாக்ரமென்டோ ஆற்றுப் பக்கத்துப் பண்ணைகளில், இலையுதிர்காலத்தில் ஆற்றுக்குத் திரும்பும் வகை சால்மன் குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்கு இப்படித் துடுப்பை வெட்டி, மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு ஒன்றைச் செலுத்துவார்கள். கம்பியில் எண் இருக்கும். எந்தப் பண்ணை, எந்த வருஷத்துக் குஞ்சு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். துடுப்பு இருக்கிற மீனெல்லாம் ஆற்றில் தானாகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். மீதி மூன்று பங்குப் பண்ணைக் குஞ்சுகளும் துடுப்போடுதான் கடலுக்கு வருகின்றன.

இரண்டு வருஷ மூடலுக்கு மீனவர்கள் காரணமில்லை என்பதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆற்றில் பிறந்து கடலில் வளரும் இந்த சால்மன்கள் பெரும்பாலும் மூன்று வயதில் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். 2020 முதல் 2022 வரை கடும் வறட்சி. ஆற்றில் தண்ணீர் குறைந்து சூடேறி, முட்டைகளும் குஞ்சுகளும் ஏராளமாக அழிந்தன. கடலுக்கு வராத குஞ்சு, மூன்று வருஷம் கழித்துத் தூண்டிலுக்கு எப்படி வரும்? அணையில் இருந்து எவ்வளவு குளிர்ந்த தண்ணீர், எந்த மாதத்தில் திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கடலின் மீன் கணக்கைத் தீர்மானிக்கிறது. மூடல் காலத்தில் எங்கள் கேப்டன் பாறை மீன் பிடிக்க ஆட்களைக் கூட்டிப் போனார், திமிங்கிலம் காட்டினார், இறந்தவர்களின் சாம்பலைக் கரைக்கவும் படகை ஓட்டினார். சால்மனை மட்டுமே நம்பியிருந்த அவருடைய நண்பர் ஒருவர் படகை விற்றுவிட்டாராம். அதைச் சொல்லும்போது கேப்டன் ஸ்டியரிங்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆளுக்கு இரண்டு மீன்தான் அனுமதி. மகளுக்கு இரண்டு கிடைத்தது, எனக்கு ஒன்று. கரைக்கு வந்ததும் மீன்வளத் துறையைச் சேர்ந்த ஒரு இளம்பெண் பலகையும் அளவுகோலுமாக நின்றுகொண்டிருந்தார். துடுப்பு இல்லாத மீனின் தலையைக் கேட்டால் கொடுக்க வேண்டும், அது சட்டம். மகள் தன் முதல் மீனைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். அவர் கத்தியால் தலையை வெட்டி, எண் எழுதிய சீட்டோடு பையில் போட்டுக் கட்டிவிட்டு, “எந்தப் பக்கம் பிடிச்சீங்க?” என்று அவளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். பெரிய ஆளிடம் கேட்பது போல் கேட்டார். டக்ஸ்பரி, இருபது இழுப்பு என்று அவளும் அதே மாதிரி பதில் சொன்னாள்.

அந்த இரண்டு நாளிலேயே 7,000 என்ற அளவு தாண்டிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் திறப்பதாக இருந்த நாட்கள் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. எனக்கு வருத்தம்தான், ஆனாலும் எண்ணிப் பார்த்து நிறுத்தியதுதான் சரி. அந்த வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் நாலு நாள், வேறொரு அளவுக் கணக்கில் திறப்பதாக இருந்தார்கள். படகு அலுவலகத்துக்குப் போன் செய்து அதற்கு இரண்டு இடம் சொல்லிவைத்தேன். அந்தத் தலையில் இருந்து எடுத்த எண் எந்தப் பண்ணையைச் சொன்னது என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.