கான்ட்டின் கல்லறையும் 40ஆம் பிரிவும்

ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் கல்லறையைப் பார்க்க, ரஷ்யாவின் கலினின்கிராடுக்கு (அவர் காலத்தில் கோனிக்ஸ்பெர்க்) விமானத்தில் போவதே நல்லது. மாஸ்கோ ரயில் லித்துவேனியா வழியாக வருவதால் ரஷ்ய விசா மட்டும் போதாது. பிரெகோல்யா ஆற்றின் நடுவே இருக்கும் தீவில்தான் தேவாலயம். இமானுவேல் கான்ட்டின் கல்லறை அதன் வடகிழக்கு மூலையில், வெளிச்சுவரை ஒட்டியே இருக்கிறது. சிவந்த கல்தூண்கள் சூழ்ந்த திறந்த மண்டபம். 1924இல், அவருடைய 200ஆம் பிறந்த ஆண்டில் எழுந்தது. 1944 ஆகஸ்ட் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது, மண்டபம் தப்பியது.

போகும்போது 1790இல் வந்த அவருடைய மூன்றாம் விமர்சன நூலான ‘தீர்ப்புத் திறனின் விமர்சனம்’ என்பதைக் கொண்டுபோங்கள். ‘விமர்சனம்’ என்றதும் நமக்குச் சினிமா விமர்சனம்தான் ஞாபகம் வரும். கான்ட் எழுதிய ஜெர்மன் சொல் ‘கிரிட்டிக்’. அதன் கிரேக்க மூலச்சொல்லுக்குப் பிரித்தறிதல் என்று பொருள். அறிவு எதுவரை செல்லுபடியாகும் என்று எல்லை கட்டுவதே கான்ட் செய்த வேலை.

பலரும் முன்னுரையிலேயே மாட்டிக்கொண்டு நூலை மூடிவிடுகிறார்கள். முந்தைய இரு நூல்களையும் இதையும் இணைக்கும் பாலம் அது. முதலில் ஏறினால் வழுக்கும். 1 முதல் 9 வரையான பிரிவுகளில் தொடங்குங்கள். 7ஆம் பிரிவில் கானரித் தீவு ஒயின் வருகிறது. ‘இந்த ஒயின் இனிது’ என்பவரை ‘எனக்கு இனிது என்று சொல்’ எனத் திருத்தினால் ஒத்துக்கொள்வார். ‘இந்தக் கட்டடம் எனக்கு அழகு’ என்பது மட்டும் நிற்காது. அழகு என்று சொன்னதுமே எல்லோருடைய உடன்பாட்டையும் கோரிவிடுகிறோம், நிரூபிக்கவோ கையில் விதி இல்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்பதைத்தான் கான்ட்டும் சொல்கிறார் என்று படிப்பது பெரிய பிழை.

அடுத்து முன்னுரையின் 4ஆம் பகுதி. விதி கையில் இருக்க, கண்முன் உள்ள ஒன்றை அதில் பொருத்துவது ஒரு வகைத் தீர்ப்பு. கண்முன் உள்ளது மட்டும் இருக்க, அதற்கான விதியைத் தேடுவது இன்னொன்று. பிறகு 40ஆம் பிரிவு: மற்ற ஒவ்வொருவரின் இடத்திலும் நின்று யோசி.

இதே ஊரில் வளர்ந்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் அந்த வரியை அரசியலுக்கு எடுத்துச் சென்றார். அவருடைய கடைசி நூலின் ‘தீர்ப்பு’ பகுதி எழுதப்படவே இல்லை. 1975 டிசம்பரில் அவர் இறந்தபோது தட்டச்சுப்பொறியில் தலைப்பும் இரண்டு மேற்கோள்களும் மட்டுமே இருந்தன. நமக்கு மிஞ்சியவை கான்ட்டைப் பற்றி அவர் ஆற்றிய 1970 விரிவுரைகள், 1982இல் நூலாயின. கான்ட்டைப் படித்த பிறகே அவற்றை எடுங்கள். முந்திக்கொண்டால் கான்ட் சொன்னது எது, அரெண்ட் சேர்த்தது எது என்று பிரிக்க வராது.