கை நுழையும், உடம்பு நுழையாது

2019 கோடையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ போயிருந்தோம். கோட்டைக்கு ஒதுக்கிய நாளை என் மகள் மிருகக்காட்சிசாலைக்கு மாற்றிவிட்டாள். எட்டு வயசு, வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பாண்டாவுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கியபோதுதான் லிவிங் லிங்க்ஸ் கண்ணில் பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008-ல் திறந்த குரங்குக் கூடம்.

உள்ளே இரண்டு இனம். பழுப்புக் கப்புச்சின் மூன்று கிலோ வரும். அணில் குரங்கு ஒரு கிலோ தேறினால் அதிகம்.

"சண்டை போட்டுக்காதாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு அணில் குரங்கு எதையோ வாயில் கவ்வியபடி ஓடிவந்து, சுவரில் இருந்த சின்ன ஓட்டைக்குள் புகுந்துவிட்டது. துரத்தி வந்த கப்புச்சின் தோள்பட்டை வரை கையை விட்டுத் துழாவியது. வெறுங்கையை எடுத்துக்கொண்டு, சுவரைச் சரிபார்க்க வந்த மேஸ்திரி மாதிரி நகர்ந்துபோனது.

விஷயமே அந்த ஓட்டைதான். வெளித்திடல் இருவருக்கும் பொது. உள்ளறை தனித்தனி. சின்னவர் பெரியவர் அறைக்குள்ளும் போய்வரலாம். பெரியவர் சின்னவர் அறைக்குள் நுழைய முடியாது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு கொத்தனார் வாய்க்கவில்லை.

சேர்த்து வைத்தது மனிதன் விளையாட்டுக்குச் செய்ததும் இல்லை. பெருவின் மானு காட்டில் அணில் குரங்குகளே கப்புச்சின் கூட்டத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். எந்த மரத்தில் பழம் என்பது கப்புச்சினுக்குத் தெரியும், கழுகு வந்தால் முதலில் கத்துவதும் அதுதான்.

திரும்பும் வழியில் அடுத்த யோசனை வந்தது. "அப்போ மார்மோசெட் குரங்கையும் இதுக்குள்ளேயே விட்டா என்னப்பா? அதுவும் குட்டிதானே?"

அணில் குரங்கு உடம்பில் ஒருவகை ஹெர்பிஸ் வைரஸ் குடியிருக்கும், அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மார்மோசெட்டுக்குத் தொற்றினால் உயிரே போகும் என்று சொன்னேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.

"ஓட்டை வச்சாலும் பத்தாதா?"

"பத்தாதும்மா. வைரஸ் எந்த ஓட்டையிலும் நுழைஞ்சுடும்."