மூடிய பெட்டிக்குள் நுழையும் காற்று

கந்தகம் கலந்த இயற்கை எரிவாயுவைக் கையாளும் ஒரு நிலையத்தில், கிணற்றுக்கு அருகே நிறுவியிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்த நாளில், என் தொழிலைப் பற்றி நான் அதுவரை கொண்டிருந்த சில நம்பிக்கைகள் தளர்ந்தன. பெட்டி 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. மூடியின் விளிம்பை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் புதியது. உள்ளே ஒரு துளி நீரும் இல்லை, தூசியும் இல்லை. ஆனாலும் அதிலிருந்த, களக் கருவிகளின் அளவுகளைப் பெறும் உள்ளீட்டு மின்னணு அட்டை ஓராண்டுக்குள் மூன்றாவது முறையாகச் செயலிழந்திருந்தது. ஒவ்வொரு முறையும் புது அட்டையைப் பொருத்தி, பழையதைப் 'பழுது' என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டோம். மூன்றாவது அட்டையைத்தான் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். மணல் பருக்கை அளவிலான சிப் ரெசிஸ்டர்களின் இரு முனைகளிலும், மேற்பூச்சும் உலோக முனையும் சந்திக்கும் மெல்லிய கோட்டில், கரிய படிகங்கள் முளைத்திருந்தன. 10 கிலோஓம் காட்ட வேண்டிய ரெசிஸ்டர் ஒன்று மீட்டரில் முழுத் திறப்பை, அதாவது மின்பாதை அறுந்த நிலையைக் காட்டியது.

அந்தக் கரிய பொருள் வெள்ளி சல்ஃபைடு. சாதாரணத் தடிப்படல ரெசிஸ்டரின் உள்முனை வெள்ளியால் ஆனது. அதன்மேல் நிக்கலும் வெள்ளீயமும் பூசப்பட்டிருக்கும். பாதுகாப்புப் பூச்சும் அந்த நிக்கல் அடுக்கும் ஒட்டும் விளிம்பில் நுண்ணிய இடைவெளி இருந்தாலே போதும், எரிவாயுவில் கலந்துள்ள கந்தக வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அதன் வழியே நுழைந்து வெள்ளியைச் சிறிது சிறிதாகச் சல்ஃபைடாக மாற்றிவிடும். உருவாகும் சேர்மம் வெள்ளியைவிட அதிக இடத்தை அடைப்பதால், அது விளிம்பை மேலும் பிளந்துகொண்டு வெளியே வளரும். உள்ளே இருந்த கடத்தும் பாதை தேய்ந்து, ஒரு நாள் அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஈயப்பற்று பளபளப்பாகவே தெரியும் என்பதால், வெறும் கண்ணால் பார்த்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது அரிது.

இதற்குக் காரணமான வாயுவின் அளவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சூழ்ந்துள்ள காற்றை வகைப்படுத்தும் ஐஎஸ்ஏ 71.04 என்னும் தரநிலை, 1985இல் வெளியாகி 2013இல் திருத்தப்பட்டது. அதன்படி ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் 3 பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் அது ஜி1 என்னும் லேசான சூழல். 10 வரை ஜி2, 50 வரை ஜி3, அதற்கு மேல் ஜிஎக்ஸ் என்னும் கடும் சூழல். மனிதர்களுக்கான பணியிட வரம்புகளில் மிகவும் கண்டிப்பானவற்றுள் ஒன்று, எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 1 பங்கு, அதாவது நூறு கோடியில் 1000 பங்கு என்கிறது. ஆக, ஒரு பணியாளர் நாள் முழுவதும் நிற்கலாம் என்று ஏற்கப்பட்ட காற்று, மின்னணு அட்டைக்கான கடும் சூழலின் தொடக்க வரம்பைப்போல் இருபது மடங்கு வாயுவைக் கொண்டிருக்கக்கூடும். கையிலுள்ள வாயு எச்சரிக்கைக் கருவி சுழியைக் காட்டுகிறது என்பதற்காக அந்த இடத்தைப் பாதுகாப்பானது என்று எழுதி வைப்பது, மனிதர்களைப் பொறுத்தவரை சரி. அட்டைகளைப் பொறுத்தவரை அதற்குப் பொருளே இல்லை.

2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஈயம் கலந்த பற்றுப்பூச்சு பெற்ற அட்டைகள் குறைந்து, வெள்ளி முழுக்குப் பூச்சு போன்றவை பரவின. பழைய பூச்சு செம்பைத் தடிப்பாக மூடிவைத்திருந்தது. புதிய மெல்லிய பூச்சில் நுண்துளைகளின் வழியே கந்தகம் செம்பைத் தொட்டதும், செம்பு சல்ஃபைடு பச்சை மேற்பூச்சின் மீது படர்ந்து, பக்கத்துத் தடத்தைத் தொட்டு மின்கசிவை ஏற்படுத்தியது. முன்பு செம்பின் அரிப்பை மட்டும் அளந்து சூழலை வகைப்படுத்தியவர்கள், வெள்ளியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று முடிவுசெய்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

சரி, பெட்டி மூடித்தானே இருந்தது, வாயு எப்படி உள்ளே போனது என்று அன்று என்னுடன் இருந்த இளம் பொறியாளர் கேட்டார். பெட்டி மூச்சு விடுகிறது என்பதுதான் விடை. வெயிலில் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பெட்டியின் மீது திடீரென மழை பெய்து, உள்ளிருக்கும் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், காற்று வெளியேறாமலும் நுழையாமலும் இருக்கும் நிலையில், உள்ளழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அது ஒரு மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம். தூசியும் நீரும் புகாது என்பதற்கான ஐபி67 சான்றுக்காக ஒரு பெட்டியை ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் சோதிக்கிறார்களே, ஏறக்குறைய அதே விசை, ஈரம் நிறைந்த காற்றையும் விளிம்பில் தேங்கிய மழைநீரையும் கேஸ்கெட்டின் வழியே உள்ளே இழுக்கிறது. சோதனை புதுக் கேஸ்கெட்டின் மேல் ஒருமுறை நடக்கிறது. களத்திலோ, அளவில் சிறிதாயினும், பகலும் இரவும் மாறி மாறி இந்த உறிஞ்சல் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது, அதுவும் வெயிலில் கடினமாகிவிட்ட ரப்பரின் மேல். உள்ளே போன ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து தங்கிவிடும். அடுத்த நாள் சூடேறும்போது காற்று மட்டும் வெளியேறும்.

வெடிக்கும் வாயு உள்ள இடங்களுக்கான 'எக்ஸ் டி' வகைப் பெட்டிகளைப் பற்றி இன்னொரு தவறான எண்ணம் நிலவுகிறது. கனமான வார்ப்பு, தடித்த மூடி, வரிசையாகப் பல போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் அதற்குள் எதுவும் நுழையாது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வடிவமைப்பு, வாயு உள்ளே வரும் என்பதை ஏற்றுக்கொண்டே செய்யப்பட்டது. உள்ளே வெடிப்பு நேர்ந்தால் பெட்டி அதைத் தாங்கும், வெளியேறும் சுடர் உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள குறுகிய இடைவெளியில் குளிர்ந்து அணைந்துவிடும் என்பதே அதன் தத்துவம். அந்த இடைவெளியின் வழியே ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஈரமும் தாராளமாக உள்ளே வரும். அதை அடைக்கிறேன் என்று சிலிக்கோன் பசையை அந்தப் பரப்புகளில் பூசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சான்றிதழைச் செல்லாததாக்கும், உயிருக்கும் ஆபத்தாகும். தயாரிப்பாளர் அனுமதித்த கிரீஸைத் தவிர வேறெதையும் அங்கே பூசக்கூடாது.

ஈரத்தைக் கட்டுப்படுத்துவது வாயுவைக் கட்டுப்படுத்துவதைவிட எளிது, பலனும் பெரிது. மேலே சொன்ன தரநிலையின்படி, ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 விழுக்காடு உயரும்போதும் சூழலின் கடுமை ஒரு படி கூடுவதாகக் கொள்ள வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிறிய ஹீட்டரை வைத்து, 30 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 35 டிகிரிக்கு உயர்த்தினால், ஈரப்பதம் 70க்கும் கீழே இறங்கிவிடும். கடலோர மேடைகளில் இது இன்னும் முக்கியம். சமையல் உப்பு சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்தில்தான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடுவதால், கடலோரத் தூசி படிந்த டெர்மினல் (கம்பிகளை இணைக்கும் முனை) வறண்ட நாளிலும் ஈரமாகவே இருக்கும்.

அந்த ஈரம் செய்யும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை மின்னோட்டத்தால் அளவைத் தெரிவிக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் டெர்மினல்களுக்கிடையே ஈர உப்பு ஒரு கசிவுப் பாதையை உண்டாக்கினால், அந்தக் கசிவு உண்மையான அளவோடு கூட்டப்பட்டுக் கட்டுப்பாட்டு அறையைச் சேரும். 24 வோல்ட்டில் 150 கிலோஓம் கசிவு 0.16 மில்லிஆம்பியர், அதாவது முழு வீச்சில் ஒரு விழுக்காடு. கசிவு பத்து மடங்கானால் பத்து விழுக்காடு. எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது. தொட்டியின் மட்டம் காலையில் சற்று உயர்ந்தும் மதியத்தில் இறங்கியும் தெரியும், அவ்வளவுதான். செயலிழந்து நிற்கும் கருவியைவிட, இப்படிப் பொய்யான எண்ணை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கருவியைக் கண்டுதான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அட்டைக்கு மேற்பூச்சு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. அக்ரிலிக், பாலியூரிதேன், எப்பாக்சி, சிலிக்கோன், பாரிலீன் என்று பூச்சுகள் பல உண்டு. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதக்கூடாது. சிலிக்கோன் வெப்பத்தையும் அதிர்வையும் நன்கு தாங்கும், நீர்த்துளியைத் தடுக்கும். ஆனால் வாயுக்களை மிக எளிதாகக் கடத்திவிடும். கந்தகம் உள்ள இடத்தில் வெறும் சிலிக்கோனை நம்பி அட்டையைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அக்ரிலிக் பூசுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் எளியது, ஆனால் கரைப்பான்களுக்கும் எரிபொருள் ஆவிக்கும் இளகிவிடும். பாரிலீன் வெற்றிட அறையில் ஆவியாகப் படிய வைக்கப்படுவதால், கூரிய முனைகளின் மீதும் பாகங்களின் அடியிலும் ஒரே சீராகப் படியும். பத்து இருபது மைக்ரான் தடிப்பிலேயே நல்ல தடுப்பைத் தரும். செலவு அதிகம், களத்தில் பழுதுபார்ப்பது கடினம். திரவப் பூச்சுகள் எதுவாயினும் கூரிய விளிம்பிலிருந்து வழிந்து விலகிவிடுவதால், பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அவை மிக மெல்லியதாக அமைகின்றன.

பூச்சின் வகையைவிட, பூசுவதற்கு முன் செய்யும் சுத்தம் முக்கியம் என்று அழுத்திச் சொல்வேன். பற்றுவைக்க உதவும் ஃபிளக்ஸ் என்னும் பசையின் மிச்சமோ விரல் வியர்வையின் உப்போ அட்டையில் இருக்க, அதன்மேல் பூச்சு போட்டால், பூச்சின் வழியே மெல்ல ஊடுருவும் நீராவியை அந்த உப்பு ஈர்த்து, உள்ளே ஒரு கொப்புளத்தை உருவாக்கும். அப்போது பூச்சு அழுக்கையும் நீரையும் அட்டையோடு சேர்த்து அடைத்துவைத்த மூடியாகிவிடும். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்த பூச்சாக இருந்தால், விடுபட்ட இடங்கள் கருமையாகத் தெரியும். அட்டையைப் பெற்றுக்கொள்ளும்போதே அந்த விளக்கின் கீழ் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் விடுவதில்லை. கனெக்டர்கள் பூச்சுக்கு வெளியேதான் இருக்கும் என்பதால் அவற்றின் தங்கப் பூச்சின் தடிப்பையும் கேட்டு வாங்க வேண்டும். பூச்சை விட அடிப்படையான தீர்வு, கந்தகத்தைத் தாங்கும்படி பல்லேடியம் கலந்த உள்முனை கொண்ட ரெசிஸ்டர்களை வடிவமைப்பிலேயே குறிப்பிடுவது. விலை வேறுபாடு சிறிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்கு மின்னாற்றல் எழாதபடி வடிவமைத்த, உள்ளார்ந்த பாதுகாப்பு கொண்ட 'எக்ஸ் ஐ' வகைக் கருவியை வாங்கிய பின், நாமாக அதன் அட்டையில் பூச்சு அடிக்கக்கூடாது. தடங்களுக்கிடையேயான தூரம், பூச்சின் தன்மை, பாகங்களின் வெப்பம் ஆகியவை அனைத்தும் ஐஇசி 60079-11 தரநிலையின்படி ஆராயப்பட்டே சான்று தரப்படுகிறது. பூச்சு வெப்பத்தை அடைத்தால், மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று டி4 வகுப்பில் சான்று பெற்ற கருவி அந்த வரம்பை மீறவும் கூடும்.

வெப்பமும் மெல்லக் கொல்லும். மின்பகுபொருள் கெப்பாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. பெட்டியின் மேல் இடைவெளி விட்டு ஒரு தகடு கூரை அமைப்பது மிக மலிவான பாதுகாப்பு. மேலே சொன்ன மூச்சு இழுப்பையும் அது குறைக்கும். துளைக்கும் குழாயோடு கிணற்றின் ஆழத்துக்கு இறங்கி 150, 175 டிகிரியில் இயங்கும் கருவிகளின் உலகம் முற்றிலும் வேறு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்த நிலையத்துக்கு வருகிறேன். முதலில் பெட்டிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் செம்பும் வெள்ளியும் கொண்ட அளவைப் பட்டைகளை 30 நாட்கள் தொங்கவிட்டோம். ஆய்வகம் அளந்து சொன்னபோது உள்ளேயும் வெளியேயும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது, இரண்டும் ஜிஎக்ஸ். அடுத்து, பெட்டியை உலர்ந்த கருவிக் காற்றால் (வால்வுகளையும் கருவிகளையும் இயக்கும் அழுத்தப்பட்ட காற்று) தொடர்ந்து நிரப்பி, வெளியைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் வைக்க முடிவுசெய்தோம். 'எக்ஸ் பி' வகைப் பாதுகாப்புக்கு 50 பாஸ்கல் போதும். அது அரை சென்டிமீட்டர் நீரின் அழுத்தம்தான். ஆனால் அந்தக் கிணற்றடியில் வால்வுகளை இயக்கிக்கொண்டிருந்தது காற்று அல்ல, கிணற்றிலிருந்து வந்த எரிவாயுவே. இப்படிப்பட்ட நிலையங்கள் பல உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்: குழாயின் மேல் 'கருவிக் காற்று' என்று எழுதியிருப்பதை நம்பி அதைப் பெட்டிக்குள் விட்டிருந்தால், அரிக்கும் வாயுவையும் எரியும் வாயுவையும் நாமே குழாய் போட்டு உள்ளே அனுப்பியிருப்போம். தனியாக ஒரு சிறு கம்ப்ரெசரும் உலர்த்தியும் வரும்வரை அந்தப் பணி ஐந்து மாதம் தள்ளிப்போனது. இடைக்காலத்தில் ஹீட்டரும், கேபிள் நுழையும் வாய்களான கிளாண்டுகளைக் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றியதும், கந்தகம் தாங்கும் ரெசிஸ்டர்கள் கொண்ட அட்டையும் தாக்குப்பிடித்தன. காற்று வந்த பின் வைத்த உட்பட்டைகள் ஜி1 வரம்புக்குள் வந்தன. வெளிப்பட்டைகள் இன்னும் கறுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.