மெஷின் பாட்டில் சேர்க்கலாமா? நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எதை எடுப்பது, எதை விடுவது

பழைய பாட்டில் சேர்ப்பவர்களிடம் ஒரு மேல்கீழ் உண்டு. வாயால் ஊதிச் செய்தது உசத்தி, மெஷினில் வார்த்தது மட்டம். பாட்டிலை எடுத்ததும் பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோட்டை, அதாவது அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் விழும் கோட்டை, பார்ப்பார்கள். கோடு வாய் விளிம்புவரை ஏறியிருந்தால் கீழே வைத்துவிடுவார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. அங்கே 1920களோடு ஊதும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, மெஷின் பாட்டில் கோடிக்கணக்கில் கிடைக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே ஊட்டிக்கும் குன்னூருக்கும் கொண்டுவந்தால் நல்ல பாட்டிலை விட்டுவிட்டு மட்டமானதைத் தூக்கிக்கொண்டு வருவோம். இங்கே செய்முறையை மட்டும் பார்த்து மதிப்புச் சொல்ல முடியாது. பாட்டிலின் மேல் எந்த ஊர் பெயர் இருக்கிறது, எந்த நிறம், எந்த நிலை என்பதுதான் பேச்சு. காசு பண்ணும் எண்ணத்தோடு வருபவர்களுக்கு மெஷின் பாட்டில் சரிப்படாது, அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

முதலில் அடையாளம். அச்சில் ஊதிய பாட்டிலில் பக்கக்கோடு கழுத்தோடு நின்றுவிடும். வாயைத் தனியாகக் கருவி வைத்துத் திருகிச் செய்திருப்பார்கள், அதனால் கோடு அழிந்துபோயிருக்கும். மெஷின் பாட்டிலில் கோடு வாய் விளிம்பைத் தாண்டி மேல்புறம்வரை போகும். வாய்க்குக் கீழே கழுத்தைச் சுற்றி இன்னொரு படுக்கைக் கோடும் இருக்கும், அங்கேதான் கழுத்து அச்சும் உடல் அச்சும் சேர்கின்றன. முதல் அச்சிலிருந்து இரண்டாம் அச்சுக்கு மாறும்போது விழும் மங்கலான அலைக்கோடும் உடலில் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்தால் புரியும்.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். வாயை நெருப்பில் காட்டி மெருகேற்றிய பால் பாட்டிலிலும் அகலவாய் ஜாடியிலும் மெஷின் கோடு விளிம்பில் உருகி மறைந்திருக்கும். மாறாக, ஊதிச் செய்து வாயைத் தேய்த்துச் சமப்படுத்திய பழைய ஊறுகாய் ஜாடியில் கோடு மேல்வரை போகும், ஆனால் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும்.

அடுத்து அடியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் முழுத் தானியங்கி பாட்டில் மெஷினை ஓட்டிக் காட்டினார். அது உருகிய கண்ணாடியைக் கீழிருந்து உறிஞ்சி, கத்தியால் அறுக்கும். அறுத்த இடத்தில் அடியில் ஒழுங்கற்ற ஒரு வட்டத் தழும்பு விழும். பெரும்பாலும் நடுவை விட்டு ஒதுங்கி, சில நேரம் அடியும் பக்கமும் சேரும் வளைவுவரை ஏறியிருக்கும். அந்தத் தழும்பு இருந்தால் அது உறிஞ்சு மெஷின் வேலை, சந்தேகமே வேண்டாம். அடியின் நடுவில் காலணா அளவுக்குச் சுத்தமான சின்ன வட்டம் இருந்தால் அது வேறு வகை, அழுத்தி ஊதும் மெஷின். பால் பாட்டிலில் அதிகம் காணலாம்.

நம் நாட்டில் இந்த வரிசையே குழம்பிக் கிடக்கிறது. மேற்கில் ஊதும் வேலை நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இங்கே கையாலும் அரை மெஷினிலும் பாட்டில் செய்தார்கள். எனவே வாய் கோணலாக இருக்கிறது, குமிழி இருக்கிறது என்பதற்காக நூறு வயது கொடுத்துவிடக் கூடாது. வருடம் சொல்ல எழுத்தே துணை. கொள்ளளவு அவுன்ஸில் இருந்தால் பெரும்பாலும் 1960களின் தொடக்கத்துக்கு முந்தியது, மெட்ரிக் சட்டம் 1956-ல் வந்து அந்த நேரத்தில்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிச் சரக்குக்கு இது பொருந்தாது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. 'சென்னை' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்கு அப்புறம், 'மெட்ராஸ்' என்றால் பெரும்பாலும் அதற்கு முன்.

வெளிநாட்டு பாட்டில் என்றால் அடியில் இருக்கும் குறியைத் தேடுங்கள். 'யு.ஜி.பி.' என்பது 1913-ல் உருவான இங்கிலாந்துக் கூட்டு நிறுவனம், அதற்கு முன்னால் அந்தக் குறி இருக்க வழியில்லை. வைரக்கட்டத்துக்குள் ஓவன்ஸ் இல்லினாய்ஸ் நிறுவனத்தின் ஓ, ஐ எழுத்துகள் பின்னியிருந்தால் 1929-க்குப் பிறகு. அதில் இடப்பக்க எண் ஆலையைச் சொல்லும், வலப்பக்க எண் வருடத்தைச் சொல்லும். வெறும் 4 என்றிருந்தால் 1934-ஆ, 1944-ஆ என்று மற்ற குறிகளை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் பள்ளி தொடங்கியது 1901-ல், அங்கே அமெரிக்க மருந்து பாட்டிலும் க்ரீம் ஜாடியும் கண்ணில் பட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எதை எடுப்பது? மலையூர் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும் எதுவும் எடுக்கத் தக்கது. ஊட்டக்கமண்ட், குன்னூர், வெலிங்டன், கொடைக்கானல் என்று ஆங்கிலத்தில் பொறித்த சோடா பாட்டில், மருந்துக்கடை பாட்டில், பால் பாட்டில் மெஷினில் வார்த்ததாக இருந்தாலும் சரி. சின்ன ஊருக்காக வார்த்த எண்ணிக்கையே குறைவு. முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பாட்டில் என்பதால் கடைக்கே திரும்பிப் போய்க் கழுவி, நிரப்பி, கடைசியில் உடைந்திருக்கும். (டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாடு 2022-ல் முதலில் நீலகிரியில்தான் வந்தது. மலைக்கு இது புதுசு இல்லை.) சரிவுகளில் அதிகம் கிடப்பது முன்பணம் இல்லாத மை, மருந்து, சாஸ், முகப்பூச்சு பாட்டில்கள்தான்.

சுட்ட வண்ண எழுத்து, அதாவது கண்ணாடிமேல் வண்ணத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டவைத்த எழுத்து, உள்ள குளிர்பான பாட்டிலையும் விடாதீர்கள். இந்த முறை 1930களில் வந்தது, அதனால் ஏறக்குறைய எல்லாமே மெஷின் பாட்டில். 1916-ல் தொடங்கிய விருதுநகர் காளிமார்க் முதல், கோக்கோ கோலா 1977-ல் நாட்டை விட்டுப் போன பிறகு அந்த இடத்தைப் பிடித்த பிராண்டுகள் வரை, எழுத்து தேயாமல் முழுசாக இருந்தால் இன்று வாங்கி வைக்கலாம். வெளிநாட்டு வெறும் பாட்டிலைவிட இவைதான் நம் பக்கத்துச் சரித்திரம். கருநீல மருந்து பாட்டில், வரிவரியாகப் புடைத்த நஞ்சு பாட்டில், மூடியோடும் தாள் லேபிளோடும் இருக்கும் தைல பாட்டில், இவையும் சரி. எழுத்தே இல்லாத பழுப்பு மருந்து பாட்டில், 650 மில்லி பீர் பாட்டில், திருகுமூடி ஜாம் ஜாடி, இவற்றை எவ்வளவு பழசு என்று சொன்னாலும் விட்டுவிடுங்கள். ஐந்து வருடத்தில் அலமாரி நிறைந்து, ஒன்றும் தேறாமல் போவதற்கு இவைதான் காரணம்.

கோலி சோடா பாட்டிலைத் தனியாகச் சொல்ல வேண்டும், சுற்றுலாக் கடைகளில் அதிக ஏமாற்று அதில்தான். இங்கிலாந்துக்காரர் ஹைராம் காட் 1870களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. இங்கிலாந்தில் எப்போதோ நின்றுவிட்டது, இங்கே இன்னும் வார்க்கிறார்கள். கோலியைப் போட்ட பிறகே வாயைக் குறுக்கி முடிக்க வேண்டும் என்பதால் புதிய பாட்டிலிலும் வாய் கைவேலையாகத்தான் தெரியும். பச்சை கலந்த நீலம், தடித்த கண்ணாடி, நிறையக் குமிழி, கோணல் வாய் எல்லாம் போன வருடத்துப் பாட்டிலிலும் இருக்கும். இதைக் காட்டித்தான் 'வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு' என்று விலை சொல்வார்கள். கம்பெனி பெயரும் ஊரும் ஆழமான புடைப்பெழுத்தில் இருக்கிறதா, அடியில் பழைய தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியிலும் கல்மேசையிலும் பல வருடம் இழுபட்ட அடியில் கீறல் எல்லாத் திசையிலும் ஓடும், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் ஒரே திசையில் போகும், தொடாத பள்ளத்திலும் இருக்கும்.

வாங்கும்போது வாயைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். மூளி வாய் உள்ள பாட்டில் சாதாரண வகையாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஊர் பெயர் உள்ளதானால் மட்டும் விதிவிலக்கு. அடுத்து, கண்ணாடி பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேயிலை விளையும் மண் புளிப்பு மண், மழையும் அதிகம். ஈரத்தில் பல வருடம் கிடந்தால் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் கரைந்து வெளியேறி, பால் மாதிரி மங்கலோ எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் மினுக்கமோ வரும். இது அழுக்கு இல்லை, கண்ணாடியே அரித்துப் போனது, எந்த சோப்புக்கும் போகாது. சில வியாபாரிகள் மேலே லேசாக எண்ணெய் தடவி வைப்பார்கள், மங்கல் மறைந்து பளபளக்கும். ஒரு துளி பாத்திர சோப்பும் ஈரத்துணியும் கொண்டு ஓரிடத்தைத் துடைத்து உலரவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையோடு சோப்புத் துணி கொண்டுபோனால் விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஊதா நிறத்திலும் உஷாராக இருங்கள். நிறமற்ற கண்ணாடி வேண்டி மாங்கனீசு சேர்த்த காலம் ஒன்று உண்டு, ஏறக்குறைய 1920 வரை. அந்த பாட்டில் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா ஏறும். கதிர்வீச்சில் வைத்துச் செயற்கையாக ஏற்றினால் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடும், அதை வாங்க வேண்டாம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் மாங்கனீசுக் கண்ணாடி மங்கலான பச்சையாக ஒளிரும்.

கழுவுவதற்கு முன் தாள் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் தண்ணீரே காட்டக் கூடாது, உலர்ந்த தூரிகை மட்டும். பழைய சாராய பாட்டிலில் யூகலிப்டஸ் தைலம் நிரப்பி ஊட்டி லேபிள் ஒட்டி விற்பதுண்டு. அந்த லேபிள் போனால் அது வெறும் சாராய பாட்டில்.

மற்றவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு கலந்து இரண்டு நாள் ஊறப்போடுங்கள். ஊட்டிக் குளிரில் ராத்திரி வெளியே கிடந்த பாட்டிலை எடுத்து நேரே சுடுதண்ணீரில் போட்டால் அடி தனியாகக் கழன்று வரும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே தண்ணீர். செம்மண் கறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, ஒரு ராத்திரி போதும், புளித்தண்ணீரும் கேட்கும். உள்ளே படிந்ததற்குப் பச்சரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுச் சுழற்றுங்கள். ஆற்றுமணல் வேண்டவே வேண்டாம், அது கண்ணாடியைவிடக் கடினம், உள்ளே முழுக்கக் கீறிவிடும். பிடிவாதமான படிவுக்குச் செம்பு மின்கம்பியை 3 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி ஒரு பிடி போட்டு, கண்ணாடிக்கு மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடி அரைக் கரண்டி சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, குலுக்காமல் சுழற்றலாம். செம்பு கண்ணாடியைவிட மென்மையானது, கீறாது. பூத்துப்போன பாட்டிலை இதனால் மீட்க முடியாது. அதற்குச் செம்புத் துண்டும் மெருகுப் பொடியும் போட்டு நாள்கணக்கில் உருட்டும் மெஷின் வேண்டும், சாதாரண பாட்டிலுக்கு அந்தச் செலவு தண்டம்.

சுட்ட வண்ண எழுத்துக்கு அமிலமும் கூடாது, நாரும் கூடாது. எலுமிச்சை உப்புகூட அந்த வண்ணத்தின் பளபளப்பைத் தின்றுவிடும், பழைய வண்ணங்களில் ஈயமும் இருக்கும். பஞ்சும் சோப்புத் தண்ணீரும் போதும். உள்ளே மருந்தோ பூச்சிமருந்தோ மிச்சம் இருக்கும் பாட்டிலைத் திறக்காதீர்கள், ஓடையிலும் கொட்டாதீர்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு எந்த பாட்டிலையும் தண்ணீரோடு வெளியே விடக் கூடாது, ஒரே ராத்திரியில் பிளந்துவிடும். கழுவியதைத் தலைகீழாக வைத்து முழுதாக உலர்த்தி, மூடாமல் வையுங்கள். மூடினால் உள்ளே மாட்டிய ஈரம் மங்கலைத் தொடங்கிவைக்கும். மழைக்காலத்தில் மூடிய மர பீரோவைவிடத் திறந்த அலமாரி நல்லது. தாள் லேபிள் உள்ளதை மட்டும் ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள்.

தோண்டுவது பற்றி. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் தோண்டுவது குற்றம், பேச்சே இல்லை. எஸ்டேட் நிலமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மழைக்குப் பின் சரிவில் பாட்டில் தலைநீட்டும், ஆசைப்பட்டு அடிவாரத்தைக் குடையாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேற்பரப்பில் தெரிவதை மட்டும் தடித்த கையுறையோடு எடுங்கள், புதரில் காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு. பழைய பேப்பர் கடையும் காயலான் கடையும் இதைவிடப் பத்திரம். உடைத்துக் கண்ணாடித் துண்டாகப் போகும் முன் கேட்டால் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். நூறு வருடம் தாண்டிய பொருளுக்கு 1972 தொல்பொருள் சட்டம் பொருந்தலாம், எனவே வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் எந்த ஊரில், எந்தக் கடையில் அல்லது எந்தச் சரிவில், எந்த மாதம் கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுங்கள். பேனா மை மலை ஈரத்தில் கசியும், செலோடேப் பசை கண்ணாடியில் கறையாக நிற்கும்.