பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் இருந்தது?

கோவை கணபதியில் வாடகை ஷெட் ஒன்றில் ஜாப் ஒர்க் செய்கிறேன். நாலு லேத், ஒரு சிஎன்சி (கணினி வழி இயங்கும் கடைசல் மெஷின்), துளை போட ஒரு ரேடியல் டிரில். பம்ப் கம்பெனிக்காரர்கள் வார்ப்படத்தைக் கொடுத்துவிடுவார்கள், நாங்கள் கடைந்து, துளை போட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவோம், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. 2020 மார்ச்சில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம். கொரோனா காலத்தில் மத்திய அரசு சிறு தொழில்களுக்குக் கொடுத்த அவசரக் கடனை நான் எப்படி வாங்கினேன், எப்படி அடைத்தேன் என்று முழுசாக எழுதி வைக்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு நெருக்கடி வந்தால் யாருக்காவது உதவட்டும்.

பம்புக்கு மாசியிலிருந்து வைகாசி வரைதான் சீசன். வருஷத்தின் பாதிச் சம்பாத்தியம் அந்த நாலு மாதத்தில்தான் வரும். சரியாக அந்த நேரத்தில், மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், மறுநாளிலிருந்து எல்லாம் மூடல். மே மாதம் திறக்க அனுமதி கிடைத்துப் போய் ஷட்டரைத் தூக்கினால், லேத்தின் பிடியான சக்கில் மாட்டியபடியே விட்டுவிட்டுப் போன பம்ப் பாடி ஒன்று அப்படியே இருக்கிறது. கடைந்த பாதி துரு ஏறிச் செம்மண் நிறத்தில் இருந்தது. மெஷின் பெட்டில் கூலண்ட் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டித் துடைக்கவே எனக்கும் எங்கள் மூத்த டர்னருக்கும் ஒரு நாள் முழுக்க ஆனது. பீகாரிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்கள் மே கடைசியில் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது, "சம்பளம் பாக்கி ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்று அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு தமிழ் கற்றிருந்தார்கள்.

அந்தச் சம்பளத்தை எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 29-ம் தேதி உள்துறை அமைச்சகம், மூடியிருக்கும் நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மே பாதியில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரவு இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பேன், எட்டுக் குடும்பம் எங்கே போகும்? ஆனால் கொடுக்கச் சொன்னவர்கள் அந்த மாதமே கையில் ஏதாவது கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. ஏப்ரலுக்கு முழுச் சம்பளம், மனைவியின் வளையல் நாலு சவரனை அடகு வைத்து. மே மாதம் அந்த இரண்டு பையன்களைத் தவிர மற்றவர்களுக்குப் பாதிதான் முடிந்தது.

முதலில் கையில் எட்டியது ரிசர்வ் வங்கியின் தவணை ஒத்திவைப்பு. மார்ச் 27-ல் மூன்று மாதம் என்றார்கள், பிறகு மே 22-ல் இன்னும் மூன்று மாதம், ஆக ஆகஸ்ட் 31 வரை. நிறையப் பேர் இதைத் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். கிடையாது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். என் சி.சி. கணக்கில் (தொழில் செலவுக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன்) பதிமூன்றரை லட்சம் எடுத்திருந்தேன், அதற்கு மாதம் பன்னிரண்டாயிரம் சொச்சம் வட்டி. ஆறு மாத வட்டியும் சேர்ந்து எழுபத்தைந்தாயிரம் பக்கம் வந்து நின்றது, அதைத் தனிக் கடனாக மாற்றி 2021 மார்ச்சுக்குள் கட்டச் சொன்னார்கள். வட்டிக்கு வட்டி போட்டது பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, இரண்டு கோடிக்குள் கடன் உள்ளவர்களுக்கு அந்த வித்தியாசத்தை அரசே தருவதாக அக்டோபரில் அறிவித்தார்கள். நவம்பரில் என் கணக்கில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் போல வரவானது. அதற்கு விண்ணப்பம் ஒன்றும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, தானாக வந்தது.

மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சிறு தொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் என்று அறிவித்தார். அன்று ராத்திரியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். ஒருத்தர் மானியம் என்றார், இன்னொருத்தர் வட்டி இல்லை என்றார். இரண்டும் தப்பு. 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம் வரை புதிதாகக் கடன், அவ்வளவுதான் விஷயம். புதிதாக எந்தச் சொத்தும் ஈடு கேட்கக் கூடாது, ஏற்கெனவே ஈடு வைத்ததன் மேலேயே இரண்டாவது பொறுப்பு, அதாவது இந்தக் கடனுக்கும் அந்தச் சொத்தின் மேல் உரிமை, எழுதிக்கொள்வார்கள். பரிசீலனைக் கட்டணம் கிடையாது. வங்கிகள் வாங்கும் வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாலு வருஷக் கடன், முதல் வருஷம் வட்டி மட்டும், அசல் அதற்குப் பிறகு 36 மாதத்தில். நாம் கட்டாமல் போனால் வங்கிக்கு அரசின் உத்தரவாத நிறுவனம் நூற்றுக்கு நூறு ஈடுகட்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, கட்டாவிட்டால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தவர்களும் உண்டு. உத்தரவாதம் வங்கிக்குத்தான். கட்டாவிட்டால் நம் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) கெட்டுப்போகும், ஈடு வைத்த சொத்துக்கு நோட்டீஸ் வரும்.

எனக்கு சி.சி.யில் 13.5 லட்சம், சிஎன்சி வாங்கிய கடனில் 8.5 லட்சம், மொத்தம் 22 லட்சம். 20 சதவீதம் என்றால் 4 லட்சத்து 40 ஆயிரம்.

தகுதி உள்ளவர்களுக்கு வங்கியே தகவல் சொல்லும் என்பதுதான் ஏற்பாடு, விருப்பம் இல்லாதவர்கள் வேண்டாம் என்று சொன்னால் போதும். எனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்கு ஜூன் முதல் வாரமே குறுஞ்செய்தி வந்தது. எனக்கு வரவில்லை. கிளைக்குப் போனேன். வெளியில் வட்டம் போட்டு நிற்க வைத்திருந்தார்கள், என் முறை வர ஒன்றரை மணி நேரம். கடன் பிரிவில் இருந்தவர் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஓவர்டியூ காட்டுது சார், வராது" என்று முடித்துவிட்டார்.

ஓவர்டியூ, அதாவது கெடு தாண்டிய பாக்கி, இருந்தது உண்மை. பெரிய பார்ட்டி ஒருத்தர் மூன்று மாத பில்லை நிறுத்தி வைத்திருந்ததால் ஜனவரி 20-ம் தேதித் தவணையும் பிப்ரவரி தவணையும் நின்றுபோயிருந்தன. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், சமாதான் என்று புகார் இணையதளமே அப்போது இருந்தது. ஆனால் புகார் போட்ட அடுத்த மாதம் அந்தப் பார்ட்டியின் வண்டி நம் ஷெட்டுக்கு வராது. இதை எழுதும்போதும் அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து ஆடிட்டருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார், "பிப்ரவரி 29-க்கு எத்தனை நாள் ஓவர்டியூ?" விரல் விட்டு எண்ணினேன், ஜனவரியில் 11, பிப்ரவரியில் 29, மொத்தம் 40 நாள். "அறுபது நாள் வரைக்கும் தகுதி உண்டுங்க. உத்தரவாத நிறுவனம் கேள்வி பதில் போட்டிருக்கு, அதை எடுத்துட்டுப் போங்க" என்றார். பிரிண்ட் எடுக்கக் கடை திறந்திருக்கவில்லை. தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்துப் பாதி ஷட்டரைத் தூக்கி எடுத்தோம். அந்த ஒரு வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, கணக்கு ஸ்டேட்மென்டில் ஜனவரி 20 என்ற வரியின் கீழும் ஒரு கோடு போட்டு, மறுநாள் நேராக மேனேஜரிடமே போனேன். அவர் மாஸ்க்கைச் சரி செய்துகொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காலண்டரைத் திருப்பி அவரும் ஒரு முறை எண்ணினார். அப்புறம், "சரிங்க, பேப்பரைக் குடுங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பேப்பர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சம்மதக் கடிதம், ஜி.எஸ்.டி. பதிவு, பான், உத்யோக் ஆதார் என்ற சிறு தொழில் பதிவு, ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. ஜூலை 1-லிருந்து உத்யம் என்ற புதிய பதிவு வந்துவிட்டதால் அதையும் போடச் சொன்னார்கள். ஆதார் எண்ணை வைத்து நாமே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. அதற்குப் போய் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கிய தரகர்களும் அப்போது இருந்தார்கள். கையெழுத்துப் போட்ட அன்று ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும் எடுத்தால் நல்லது என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். விதியில் இருந்தால் எழுத்தில் கொடுங்கள், எடுக்கிறேன் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நீங்களும் அப்படியே கேளுங்கள், கோபப்பட வேண்டாம், எழுத்தில் கேட்டால் போதும்.

ஜூலை மூன்றாவது வாரம் பணம் வந்தது. வட்டி 8 சதவீதத்தை ஒட்டி. நின்றுபோயிருந்த தவணைகளை முதலில் கட்டினேன், அடுத்து மே மாதப் பாதிச் சம்பளம், மூன்று மாத ஷெட் வாடகை, கரண்ட் பில், கடையும் முனையான இன்சர்ட் வாங்க இருபதாயிரம். முதல் வருஷம் மாதம் மூவாயிரத்துக்குள் வட்டி கட்டினால் போதும் என்பது பெரிய ஆறுதல். அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் ஆடி மாதமே சிஎன்சியை விற்றிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பி.எப். உதவியும் அப்போது இருந்தது. நூறு பேருக்குள் உள்ள நிறுவனங்களில், 90 சதவீதம் பேர் பதினைந்தாயிரத்துக்குக் கீழே சம்பளம் வாங்கினால், தொழிலாளி பங்கு 12, முதலாளி பங்கு 12 இரண்டையும் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அரசே கட்டியது. நல்ல திட்டம். ஆனால் பி.எப். கட்டாயம் ஆவதே இருபது பேரிலிருந்துதான். எங்கள் தெருவில் பெரும்பாலான ஷெட்டில் பத்துப் பேர்கூடக் கிடையாது.

எனக்கு மனதில் உறுத்துவது அடுத்த ஷெட் அண்ணனின் விஷயம். சர்ஃபேஸ் கிரைண்டிங் (உலோகப் பரப்பைச் சமமாகத் தேய்க்கும் வேலை) செய்பவர், ஐந்து பேர் வேலை. கடன் என்றாலே ஆகாது அவருக்கு. மெஷின் வாங்கிய கடனை 2019 டிசம்பரில் முன்கூட்டியே அடைத்து, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி வந்து எனக்குக் காட்டினார், பூஜை போட்டு எல்லாருக்கும் பொரி கொடுத்தார். பிப்ரவரி 29 அன்று அவர் பாக்கி பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு வரும்? தவணை தவறிய எனக்கு 4 லட்சத்து 40 ஆயிரம், ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்தவருக்கு ஒன்றுமில்லை. புதுக் கடனுக்கு அவரோடு நானும் வங்கிக்குப் போனேன். ஈடு இல்லாமல் கொடுக்க வேறு திட்டம் இருக்கிறது, ஆனால் மூன்று மாதமாக வரவே இல்லாத கணக்கைப் பார்த்து எந்த அதிகாரியும் கை வைக்கத் தயாராக இல்லை. கடைசியில் மூணு வட்டிக்கு வெளியில் வாங்கினார். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடியும் மூடியபோது, கோவைக்கு மற்ற மாவட்டங்களைவிடத் தாமதமாகத்தான் தளர்வு வந்தது, அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மெஷினைக் கிரேன் வைத்து ஏற்றியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் மேஜையை ஒரு பழைய வேட்டியால் துடைத்துவிட்டுத்தான் அனுப்பினார்.

எனக்கும் அந்த வருஷம் சுலபமாக இல்லை. ஆகஸ்ட் 2021-லிருந்து அசல் தொடங்கி மாதத் தவணை பதினாலாயிரத்தைத் தொட்டது. இரும்பு விலை ஏறியதால் பம்ப் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்திருந்த நேரம். கடனை மறுசீரமைத்துக்கொண்டால் வட்டி மட்டும் கட்டும் காலம் 24 மாதமாகும், இன்னும் 10 சதவீதம் கூடுதல் கடனும் கிடைக்கும் என்று மே கடைசியில் அறிவித்திருந்தார்கள். ஆடிட்டரிடம் பேசிவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். மறுசீரமைப்பு என்ற சொல் சிபிலில் ஏறினால் அடுத்த மெஷினுக்குக் கடன் கேட்கும்போது வேலைக்காகாது. முடியாதவர்கள் எடுத்துக்கொண்டது சரிதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2024 ஜூலையில் கடைசித் தவணை கட்டினேன். அடைத்ததும் சும்மா வந்துவிடாதீர்கள், இரண்டாவது பொறுப்பு நீங்கிவிட்டது என்று தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது வர ஐந்து வாரம் ஆனது.

அண்ணன் இப்போது இன்னொரு கம்பெனியில் கிரைண்டிங் சூபர்வைசர். சனிக்கிழமை சாயந்தரம் ஷெட் பக்கம் வருவார். போன மாதம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை மனு எழுத உட்கார்ந்தபோது அவரிடமும் கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "இனிமேல் இப்படி ஒண்ணு குடுத்தா கடன் பாக்கியைப் பாக்க வேண்டாமுங்க. கரண்ட் பில்லைப் பாக்கச் சொல்லுங்க. போன வருஷம் எத்தனை யூனிட் ஓட்டினான், இப்ப எத்தனை யூனிட் ஓடுதுன்னு அதுல இருக்குதில்ல." அதையே மனுவின் முதல் கோரிக்கையாக எழுதியிருக்கிறேன். 2019-ல் அவர் ஷெட்டுக்கு வந்த கரண்ட் பில்களைக் கட்டோடு எடுத்து வந்து கொடுத்தார், அதன் நகலையும் சேர்த்திருக்கிறேன்.